தூங்குமூஞ்சி மரத்துக் கடவுளை இடம் மாற்றிய விவரம்

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மா, இத்தாள்களைக் கையில் எடுத்தவர் எவராயினும் முதற்கண் என் வணக்கம் உரித்தாகுக. வீட்டின் மேல் சாய்ந்து நின்ற ஆபத்தான மரம் ஒன்றை எவருக்கும் தீங்கின்றி அகற்றியதைப் பற்றிய விவரம் இது. தலைப்பைக் கண்டு ஆன்மிக நூல் என்று எடுத்தவர்கள் ஏமாற வேண்டா. கடவுள் இதில் வருகிறார். ஆனால் அவர் வந்தது எங்கள் வீட்டுத் தவறினால்.

நான் புனேயில் படைக்கலத் தொழிற்சாலை ஒன்றின் பளு ஏற்றும் முற்றத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கயிறு, சங்கிலி, கப்பி, கொக்கி ஆகியவையே நான் படித்த கல்லூரி. ஒரு பொருளின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் உரைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. இப்பழக்கம் கல்யாணப் பந்தல்களின் கீழும், மூட்டை ஏற்றிய பேருந்துகளின் அருகிலும், ஒருமுறை சம்பந்தி வீட்டு மேசையில் அடுக்கியிருந்த இனிப்புப் பெட்டிகளின் முன்னிலையிலும் தானே வெளிப்பட்டு என் மனைவியைத் தலைகுனிய வைத்ததுண்டு. சம்பந்தி வீட்டுப் பெட்டிகள் பிற்பாடு சரிந்தன என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஓய்வுக்குப் பின் புனேயை அடுத்த தாபோடியில், ஒரு சந்தின் முனையில், சொந்த வீட்டில் குடியிருந்தோம். முன்னிரண்டு அறைகளுக்குக் கான்கிரீட் தளம். பின்னறைக்கு மட்டும் சிமெண்ட் தகடு. அதை அங்கே எல்லாரும் பத்ரா என்பார்கள். பின்னறைச் சுவரை அடுத்து நகராட்சிக்குரிய பொது இடம். அதில் ஒரு தூங்குமூஞ்சி மரம், குடைபோல் விரிந்து, எங்கள் பத்ராவின் மேல் நிழல் பரப்பி நின்றது. மாலையானால் இலை மூடி உறங்கும் இம்மரத்துக்கு எந்தப் புராணத்திலும் இடமில்லை. எந்தத் தெய்வமும் இதனடியில் அமர்ந்ததாக நான் படித்ததில்லை. இதைப் பின்னால் வருவதன் பொருட்டு வாசகர் நினைவில் கொள்க.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒரு கோடையில், வாகட் பகுதியில் அடுக்ககத்தில் வசித்த என் மகள் தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்தாள். மருமகனுக்குக் கணினி நிறுவனத்தில் வேலை. விடுப்பு என்ற சொல்லை அவர் தொலைக்காட்சியில் மட்டுமே கேட்டிருந்தார். வீட்டிலேயே குளிர்ச்சியானது என்று மகள் பின்னறையைத் தேர்ந்தெடுத்தாள். தொட்டில் கட்டுவதற்கான இரும்பு உத்தரமும் அங்கேதான் இருந்தது.

அவள் வந்த வாரம், ஒரு காலை, மரத்தின் சந்துப் பக்கத்து வேரடியில் மண் வெடித்திருக்கக் கண்டேன். மரம் சாய்ந்திருந்ததோ வீட்டுப் பக்கம். சாய்வுக்கு எதிர்ப்புறம் மண் பிளக்கிறதென்றால் வேர் பிடியை விடுகிறது என்று பொருள். அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தது. விரல் முட்டியால் தட்டினேன். காலிப் பெட்டியைத் தட்டிய ஓசை வந்தது. அன்று முதல் நாள்தோறும் காலையில் ஓர் அடிக்கோலை வெடிப்பில் வைத்து அளந்து, அங்குலத்தில் எட்டிலொரு பங்கான நூல் கணக்கில் குறிப்பேட்டில் எழுதிவந்தேன். இரண்டு வாரம் கடந்ததும் மகளை அழைத்துச் சொன்னேன்.

“இந்த மரம் சாஞ்சிகினு வருதும்மா. நீ முன்ரூமுக்கு வந்துடு.”

“முன்ரூமு அடுப்பு மாதிரி இருக்கு நைனா. பங்கா போட்டா அனல் சுத்துது. எத்தினி நாளா சாயிது?”

“நான் பாத்தது பதினாறு நாளா. நூலு நூலா.”

“நூலு நூலா வந்தா, நான் டெலிவரி முடிஞ்சி வாகட் போறதுக்குள்ள வந்து சேராது. போதும் நைனா, டென்ஷன் எடுத்துக்காதீங்க.”

கணக்கு சரி, ஆனால் அவள் மழையைக் கூட்டவில்லை. ஜூனில் மழை பிடித்து மண் சேறானால், நூல் கணக்கெல்லாம் ஒரே நொடியில் முடியும். அந்த நொடியில் உத்தரத்தின் கீழே என் மகள் படுத்திருப்பாள். மழைக்கு முன் மரம் இறங்கியாக வேண்டும் என்று உறுதி பூண்டேன்.

பொது இடத்து மரத்தை நாமே தொடலாகாது. தோட்டத்துறை அலுவலகத்தில் மனு கொடுத்தேன். அதிகாரி வந்து பார்ப்பார் என்றும், மரத்தின் மேலேயே அறிவிப்பு ஒட்டப்படும் என்றும், குறித்த நாட்களுக்குள் ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதித் தரலாம் என்றும், அதன் பிறகே அனுமதி என்றும் அங்கிருந்தவர்கள் பொறுமையாக விளக்கினர். முறையான ஏற்பாடு என்றே எனக்குப் பட்டது. மன நிறைவுடன் வீடு திரும்பினேன். திரும்பினால், மரம் மஞ்சளாக இருந்தது.

என் மனைவியின் பிறந்த வீட்டு வழக்கம் ஒன்றை இங்கே கூற வேண்டும். மரத்தை வெட்டுவதற்கு முதல் நாள் அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, தேங்காய் உடைத்து, அதில் வாழும் பறவைகளையும் கண்ணுக்குத் தெரியாதவர்களையும் மன்னித்து வேறிடம் போகும்படி வேண்டிக்கொள்வார்கள். வேண்டிக்கொண்ட பின், மறுநாள் கோடரி விழும் வரை, வெட்டுவது பற்றிய பேச்சு மரத்தின் காதில் விழக்கூடாது. விழுந்தால் மன்னிப்பு ரத்து. ஒரே ஓர் இரவுக்கு ஏற்பட்ட விதி இது. அரசாங்கத்தின் கால அளவை அறிந்து ஏற்படுத்தியதன்று.

“இன்னாடி பண்ணி வெச்சிருக்க? இப்பதான் மனுவே குடுத்துட்டு வரேன்!”

“இன்னிக்கி நல்ல வெள்ளிக்கெழமங்க. ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டீங்கல்ல? நாளைக்கி ஆளு வந்துடுவாங்கல்ல?”

“நாளைக்கா? ஒரு மாசம் ஆவும்!”

“ஐயோ, மரத்தாண்ட நின்னுகினு அந்தப் பேச்சு பேசாதீங்க!” என்று என் வாயைப் பொத்தினாள். அவள் கையில் இருந்த மஞ்சளில் பாதி என் மீசைக்கு வந்தது.

ஆளுயரத்துக்கு மஞ்சள், மூன்று பெரிய குங்குமப் பொட்டு, இடுப்பில் ஒரு மஞ்சள் துணி, காலடியில் எலுமிச்சம்பழம். அழித்துவிடலாமா என்றேன், பூசியதை அழிப்பது பூசாமலிருப்பதைவிடக் குற்றம் என்றாள். ஆகவே அன்று முதல், குடும்பத் தலைவனாகிய நான், என் வீட்டு மரத்தைப் பற்றிப் பேச விரும்பினால் சந்து முனைக்கு நடந்து சென்று டீக்கடையருகே பேச வேண்டியதாயிற்று.

சில நாட்களில் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். மரத்தடியில் நின்றுகொண்டு, “இதற்கு என்ன ஆயிற்று?” என்று இந்தியில் கேட்டார். நான் உதட்டில் விரல் வைத்து, அவர் முழங்கையைப் பற்றி டீக்கடைக்கு அழைத்துச் சென்றேன்.

“மரம் அங்கே இருக்கிறது. நாம் ஏன் இங்கே வந்தோம்?” என்றார் அவர்.

“அங்கே சொல்ல முடியாது சாஹேப்.”

“யாராவது மிரட்டுகிறார்களா?”

“இல்லை சாஹேப். மரம் கேட்கும்.”

அவர் என்னை ஒரு கணம் உற்று நோக்கினார். பின்னர், ஓய்வு பெற்றவர்களோடு பழகியவர் போலும், மெதுவாகத் தலையசைத்து டீயைக் குடித்து முடித்தார். திரும்பி வந்து சுத்தியலால் அடிமரத்தைத் தட்டினார்; ஓர் இரும்புக் கம்பியைப் பொந்தில் செருகினார். கம்பி, கைப்பிடி வரை, தடையின்றி உள்ளே போயிற்று. அதன்பின் அவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. மராத்தியில் அச்சிட்ட அறிவிப்பைக் குங்குமப் பொட்டுகளுக்குச் சற்று மேலே ஒட்டிவிட்டுப் போனார்.

எதிர்வீட்டு மாடியில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தனியே வாழ்ந்தார். மராத்தியர். ஆசிரியையை அங்கே ‘பாயி’ என்று அழைப்பது வழக்கமாதலால் சந்து முழுவதற்கும் அவர் பாயிதான். அவர் பேசியதை என் வீட்டுத் தமிழில் தருகிறேன். சுவை குறைந்தால் குற்றம் என்னுடையது. அறிவிப்பு ஒட்டிய மறுநாள் அவர் மூக்குக்கண்ணாடி இல்லாமல் மரத்தின் முன் நின்று என் மனைவியிடம், “என்ன பூஜை இது?” என்று கேட்டார். மரத்தின் முன்னிலையில் உண்மையைச் சொல்ல முடியாத என் மனைவி இரு கைகளையும் கூப்பி, கண்களை மேலே உயர்த்தினாள். அந்த நேரம் பார்த்து, ஏழு மாத வயிற்றோடு என் மகள் பின்வாசலில் வந்து நின்றாள்.

பாயி மரத்தைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். தாமும் கைகளைக் கூப்பினார்.

மறுநாள் காலை மரத்தடியில் செம்பருத்தி இருந்தது. அதற்கு மறுநாள் ஊதுவத்தி. வார முடிவில் அடுத்த சந்தின் புது மருமகள்கள் தட்டோடு வந்தனர். குழந்தை வரம் தரும் மரம் என்றும், தமிழர் வீட்டாருக்கு மட்டும் இது முன்பே தெரியும் என்றும், தெரிந்தும் சொல்லாமல் வைத்திருந்தார்கள் என்றும் பேச்சு பரவிற்று. தட்டுக் காளானுக்கும் ஒருவர் பொட்டு வைத்தார். தோட்டத்துறையின் அறிவிப்பின் மேல் முதலில் மஞ்சள் தெறித்தது, பிறகு குங்குமம், பிறகு ஒரு சாமந்தி மாலை. படிக்க ஓர் எழுத்தும் மிஞ்சவில்லையாயினும் எல்லாரும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டனர். ஓர் அரசாங்கத் தாளுக்கு இத்தனை மரியாதை நடந்து நான் பார்த்ததில்லை.

பாயி நாள்தோறும் காலையில் பதினொரு சுற்று சுற்றத் தொடங்கினார். வீட்டுக்குத் தின்பண்டங்கள் வரத் தொடங்கின. ரவை கேசரி போன்ற ஷீரா, வாழைப்பழம், வெல்லம் சேர்த்த கடலை. பின்னறைக் கட்டிலில் சாய்ந்தபடி என் மகள் அனைத்தையும் பெற்றுக்கொண்டாள்.

“நைனா, மரம் இருந்துட்டுப் போட்டுமே. நேத்து பூரண்போளி வந்திச்சி. நெய் ஊத்தி.”

“வெடிப்பு இன்னிக்கி ரெண்டு நூலு கூட ஆயிருக்கும்மா.”

“தூங்குமூஞ்சி சாமி தூங்கிகினேதான் வுழும். மெதுவா வுழும்.”

“வாய மூட்றீ,” என்றாள் அவள் தாய். “அதுங்காதுல வுழப்போவுது.”

ஆட்சேபத்துக்குரிய நாட்கள் கடந்தன. அலுவலகத்துக்குச் சென்றேன். எழுத்தர் கோப்பைப் புரட்டிப் பார்த்து, ஓர் ஆட்சேபமும் வரவில்லை என்றும், இவ்வளவு ஒற்றுமையான சந்தைத் தாம் கண்டதில்லை என்றும் பாராட்டினார். வணங்கியவர்கள் எவரும் வாசிக்கவில்லை என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை. அனுமதித் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பெருமிதமும் குற்ற உணர்வும் ஒரே பையில் இருந்தன.

அடுத்த நாள் பிற்பகல், மழைக்கு முன்னோடியான காற்று அடித்தது. மரத்திலிருந்து என் மணிக்கட்டுப் பருமனே உள்ள காய்ந்த கிளை ஒன்று முறிந்து பத்ராவின் மேல் விழுந்தது. தகடு உடைந்து, ஒரு கைக்குட்டை அளவு துண்டு, தொட்டில் உத்தரத்துக்கு நேர் கீழே, மகளின் தலையணை மேல் வந்து கிடந்தது. அவள் அப்போது குளியலறையில் இருந்தாள். வெளியே வந்து தலையணையைப் பார்த்தவள் தன் போர்வையைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்கு நடந்தாள். அதற்குப் பிறகு அவள் பூரண்போளி பற்றிப் பேசவில்லை.

மறுநாளே மரமேறியை வரவழைத்தேன். மெலிந்த உடலும் தடித்த மீசையும் உடையவர். தோளில் கயிற்றுச் சுருள். உடன் கயிறு பிடிக்க இருவர். மரத்தைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார். அது வேலைக்கு ஆயத்தம் என்று நினைத்தேன். கும்பிட்டுவிட்டு மீண்டும் செருப்பை மாட்டினார்.

“காகா, ஹே தேவாச்ச ஜாட் ஆஹே.” பெரியவரே, இது சாமி மரம் என்று பொருள். “நான் கை வைக்க மாட்டேன்.”

நான் அவரை டீக்கடைக்கு அழைத்துச் சென்று, சாமியை வைத்ததே நாங்கள்தான், அதுவும் கவனக்குறைவால், என்று விளக்கினேன்.

அவர் சாந்தமாக, “எல்லா சாமியும் யாரோ வெச்சதுதானே காகா,” என்றார். “அந்தப் பொம்பளைங்க சம்மதிச்சா வரேன். இல்லன்னா என் வீட்டுக்காரியே என்னை உள்ள விட மாட்டா.”

வேறு வழியில்லை. குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு பாயியின் மாடிப்படி ஏறினேன். மரத்தின் காதுக்கு எட்டாத உயரம் என்ற துணிவில் அனைத்தையும் ஒப்புக்கொண்டேன். மஞ்சள், வெள்ளிக்கிழமை, மனு, மாலை போட்ட அறிவிப்பு, பையில் இருந்த அனுமதி, தலையணை மேல் விழுந்த துண்டு, எல்லாம். அவர் முகம் சிவந்தது.

“அஹோ காகா, ஒரு மாசமா சுத்தறேன். முட்டி வலி போயிடுச்சு. டாக்டர் மாத்திரைக்குப் போகாதது மரத்துக்குப் போச்சு. அது பொய்யா?”

“வலி போனது மெய் பாயி. சுற்றியதால் போயிற்று. எதைச் சுற்றினாலும் போயிருக்கும்.”

“வாயால சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். எழுத்துல காட்டுங்க.”

குறிப்பேட்டை நீட்டினேன். மூக்குக்கண்ணாடியை அணிந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். மேசையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, ஓரிடத்தில் இரண்டு நாட்களை வரிசை மாற்றி எழுதியிருந்ததைச் சுழித்தார். வேறோரிடத்தில் நான் கூட்டியதைத் திருத்தினார். அறுபது வயதைக் கடந்த நான் கைகட்டி நின்றேன். பிறகு தம் மரக்கோலை எடுத்துக்கொண்டு படியிறங்கி, வலி போன அதே முட்டியை மண்ணில் ஊன்றி வெடிப்பைத் தாமே அளந்தார். என் அளவைவிட ஒரு நூல் அதிகமாக வந்தது. மீண்டும் ஒருமுறை அளந்தார்.

எழுந்ததும் என்னைத் தள்ளி அழைத்துப் போய், “பகா, இங்க பாருங்க,” என்றார். “என்னை எட்டு ஊருக்கு மாத்தினாங்க. ஒரு வார்த்தை பேசாம பெட்டியைக் கட்டிக்கிட்டுப் போனேன். சாமிக்கு இருபது அடி மாறிப் போறதுல என்ன கஷ்டம்?”

சந்தின் மறுபுறத்தில் திடமான வேம்பு ஒன்று இருந்தது. பணியிடம் அதுவென்று தீர்மானமாயிற்று. மறுநாள் காலை இடமாற்றம் நடந்தது. தூரம் இருபது அடி. ஊர்வலம் ஒரு மணி நேரம். எலுமிச்சம்பழம், மஞ்சள் துணி, மாலையோடு பெயர்த்தெடுத்த தோட்டத்துறை அறிவிப்பு ஆகியவை பித்தளைத் தட்டில் ஏறின. ஒவ்வொரு வாசலிலும் ஆரத்தி. ஒரு வீட்டில் ஆரத்தி தயாராகவில்லை என்று கடவுளைக் காத்திருக்க வைத்தார்கள். என் மனைவி தூங்குமூஞ்சி மரத்தின் முன் நின்று, குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்லும் வீட்டுக்காரியின் கனிவோடு பேசினாள்:

“சாமி, இவ்ளோ நாளு எங்களாண்ட இருந்தீங்க. எந்தக் கொறையும் இல்ல. இப்ப எங்க பொண்ணுக்கு எடம் வேணும். அந்தாண்ட நல்ல காத்தோட்டமான எடமா பாத்திருக்கோம். கோச்சிக்காம வந்துடுங்க.”

மரமேறி எல்லாவற்றையும் பார்த்துத் திருப்தியடைந்தார். அதன் பின் தொழிலைப் பேசினார். உள்ளே பொந்தான மரத்தை நம்பி ஏற முடியாது. முதலில் அதன் மேற்கவையில் வலுவான கயிறு பூட்டி, வீட்டுக்கு எதிர்ப்பக்கம் இழுத்து ஒன்றில் கட்ட வேண்டும். அதன் பிறகே அரிவாள், ரம்பம் எல்லாம். சரியான பேச்சு; நானும் அதையே சொல்லியிருப்பேன். எதிர்ப்பக்கத்தில் கயிறு தாங்கும் வலுவுடையது எது என்று இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். வேம்பு. அரை மணி நேரத்துக்கு முன் கடவுள் குடியேறிய வேம்பு.

மரமேறி பாயியைப் பார்த்தார். பாயி என் மனைவியைப் பார்த்தார். என் மனைவி சற்று யோசித்தாள்.

“ஒரு மாசமா பூரண்போளி துன்னாருல்ல? கொஞ்சம் கயிறு புடிக்கட்டும்.”

பூரண்போளியைத் தின்றது எங்கள் மகள்தான் என்பதை நான் சொல்லவில்லை. இந்தியில் மொழிபெயர்த்து அறிவித்தேன். சந்து முழுவதும் ஏற்றுக்கொண்டது. பட்டை உரியாமலிருக்க வேம்பைச் சாக்குத் துணியால் சுற்றினோம். பாயி அதன் மேல் ஒரு பொட்டு வைத்தார். கயிறு விறைத்தது. இத்தனை நாட்களில் முதன்முறையாக அந்த மரத்தைப் பார்த்து நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

மின்வாரிய ஊழியர் வந்து, மரத்தை ஒட்டிச் சென்ற கம்பியில் மின்சாரத்தை நிறுத்தினார். சந்தை இருபுறமும் கயிறு கட்டி அடைத்தோம். என் மனைவியையும் மகளையும் பாயி வீட்டு மாடிக்கு அனுப்பினேன். பிறகு, தொழிற்சாலை முற்றத்தில் நடப்பது போலவே, கூடியிருந்தோருக்கு இரண்டு விதிகளை உரக்கச் சொன்னேன். இறக்கு என்பதற்கு எங்கள் தொழிலில் ‘ஆரியா’ என்று சொல்வோம். அதை நான் ஒருவன் மட்டுமே சொல்வேன். ஆனால் நிறுத்து என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்ன மாத்திரத்தில் கயிறு நிற்க வேண்டும்.

இரண்டாம் விதியை அங்கே அறிவித்தது என் பிழை. வாழ்நாளில் எவரையும் நிறுத்தும் அதிகாரம் பெற்றிராத ஒரு சந்துக்கு அன்று அது கிடைத்தது. மரமேறி முதல் கிளையில் ரம்பம் வைத்தார். “தாம்பா!” என்று மராத்தியில் நிறுத்தினார் ஒருவர். அணில். அணில் போயிற்று. “தாம்பா!” காக்கைக் கூடு, காலி. “தாம்பா!” ஒருவர் தம் ஸ்கூட்டரை நகர்த்த மறந்திருந்தார். “தாம்பா!” ஏன் என்று கேட்டதற்கு, கேட்கிறதா என்று சோதித்ததாக ஒருவர் விளக்கினார். கயிறு பிடித்த இருவரும் என்னை நோக்கிய பார்வையை எழுத்தில் தர இயலாது. ஆயினும் ஒவ்வொரு முறையும் நிறுத்தினார்கள். நானும் ஒருமுறைகூடக் கடிந்துகொள்ளவில்லை. விதி விதியே.

நுனிக் கிளைகள் ஒவ்வொன்றாகக் கயிற்றில் தொங்கி இறங்கின. நண்பகலில் பின்னறைக்கு மேல் நீண்டிருந்த பெருங்கிளையின் முறை வந்தது. அதுதான் எல்லாவற்றிலும் கனமானது. அடியிலும் நுனியிலும் கயிறு பூட்டி, கயிற்றை மேற்கவை வழியாக விட்டு மறுமுனையை வேம்பில் சுற்றி, இருவரும் பிடித்துக்கொண்டனர். ரம்பம் மறுபக்கம் வந்தது. கிளை பிரிந்து, பத்ராவுக்கு ஒரு கை உயரத்தில் மிதந்து நின்றது. நான் “ஆரி” என்று வாயெடுத்தேன்.

“நைனா! ஸ்டாப்! ஸ்டாப்! யம்மா உள்ள இருக்கா!”

மாடியிலிருந்து மகளின் குரல். உறக்கம் கலைந்து எட்டிப் பார்த்தவள் தாயைப் பின்னறை ஜன்னலில் கண்டிருக்கிறாள். கயிற்றுக்காரர்களில் ஒருவர் சலிப்புடன், “இதுவும் அணில்தானா?” என்றார். சொல்லிக்கொண்டே கயிற்றை இறுக்கிவிட்டார். கிளை நின்றது. பின்னறைக் கதவைத் திறந்துகொண்டு, தலைக்கு மேல் தொங்கும் அத்தனை எடையின் கீழே, பால் பாத்திரத்தை முந்தானையால் பிடித்தபடி என் மனைவி வெளியே வந்தாள்.

“அடுப்புல பால வெச்சிட்டு வந்துட்டேங்க. பொங்கிடும்னு பாத்தேன்.”

“உன்ன அங்க குந்துன்னு சொன்னேனா இல்லியா!”

“பொண்ணு கொறட்டை வுட்டுகினு இருந்தா. சத்தம் போடாம வந்தேன். இன்னாத்துக்கு எல்லாரும் இப்டி பாக்கறீங்க?”

மாடியில் என் மகள் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு அழுதாள். அழுதபடியே தன் தாயை இந்தியிலும் தமிழிலும் மாறி மாறித் திட்டினாள். பாயி பால் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு என் மனைவியைக் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துச் சென்று உள்ளே தாழிட்டார். சந்தில் நின்ற தலைகளை இரண்டு முறை எண்ணினேன். அதன் பிறகே ‘ஆரியா’ சொன்னேன். கிளை விலகி, அசைந்து, தரையில் பூப்போல் அமர்ந்தது. அதற்குப் பின் அன்று எவரும் அணிலுக்காக நிறுத்தவில்லை.

மாலைக்குள் மரம் இடுப்புயரக் கட்டையாயிற்று. உள்ளே ஓர் ஆள் நிற்கும் அளவு வெறுமை. பாயி தம் மரக்கோலை உள்ளே விட்டு ஆழம் பார்த்தார். கோல் கைநழுவி எங்கோ போயிற்று. குனிந்து பார்த்துவிட்டு, “போகட்டும்,” என்று மட்டும் சொன்னார்.

கட்டையை வேரோடு எடுக்க மரமேறி அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார். மழை அவருக்கு முன் வந்தது. மூன்றாம் நாள் பிற்பகல், பத்ராவைப் புதிதாக மாற்றிய பின்னறையில் மகள் உறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் கொட்டிற்று. அப்போது தரைக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு போன்ற ஓசை எழுந்தது. ஓடிச் சென்று பார்த்தேன். அந்தக் கட்டை, வேர்கள் சேறோடு மேலே கிளம்ப, வீட்டுப் பக்கமாகவே சாய்ந்து கிடந்தது. சுவரைத் தொட அதற்கு உயரம் போதவில்லை. இரண்டடி இடைவெளி இருந்தது. மேலே உடலும் குடையும் இருந்திருந்தால் அது எங்கே வந்து விழுந்திருக்கும் என்பதை, எடை பார்க்கும் தொழிலில் இருந்த நான் அளக்காமலே அறிவேன். மழையில் நனைந்தபடி அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

“நைனா, இன்னா சத்தம்?” என்று ஜன்னலிலிருந்து தூக்கக் குரல் வந்தது.

“ஒண்ணும் இல்லம்மா. நீ தூங்கு.”

அவள் தூங்கினாள். அடுத்த மாதம், அதே அறையில், அவளும் ஒரு பெண் குழந்தையும் தூங்கினார்கள்.

சந்தில் இன்று இக்கதையைப் பலவாறாகச் சொல்கிறார்கள். கடவுளே மரத்தைத் தள்ளினார் என்பவர் உண்டு. என் மகள் கனவில் கண்டு கத்தினாள் என்பவர் உண்டு. நான் எவரோடும் வாதிடுவதில்லை. மனுவும், ஆய்வும், எதிர்ப்பக்கத்துக் கயிறும், யார் சொன்னாலும் நிறுத்தும் விதியும் இருந்ததால் நாங்கள் அனைவரும் உயிரோடிருக்கிறோம் என்பது மட்டும் எங்காவது எழுத்தில் இருக்க வேண்டும் என்று விரும்பினேன். ஆகையால் ஐயா, அல்லது அம்மா, இதைப் படித்து முடித்த பின் எறிந்துவிடாமல், தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள்.